கம்பத்தில் தொங்கிய ரொட்டி

யூஹின் சிகரத்துக்கு வழிகாட்டி இல்லாமல் போகிறேன் என்று மீரிம் சொன்னதும், குபாத்துக்கு வாயிலிருந்த தேநீர் உள்ளே இறங்கவில்லை. அவன் அந்த வட்டாரத்திலேயே பேர்பெற்ற வழிகாட்டி. ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் காத்துக் கிடந்து அவன் பின்னால் நடக்கிறார்கள். கட்டின பெண்டாட்டி என்னடாவென்றால், மலையேறிகள் முகாமில் துணி துவைக்கிற குல்சினாவைக் கூட்டிக்கொண்டு தானாகவே ஏறப் போகிறாளாம்!

"அடுத்த வாரம் என் குரூப்போட வாயேன். உனக்குன்னு ஒரு இடம் வைக்கிறேன்."

"உங்க குரூப்புல வந்தா நீங்க சொல்ற இடத்துல நிக்கணும், சொல்றப்பதான் தண்ணி குடிக்கணும். நான் மலையைப் பாக்கணும், உங்க முதுகை இல்ல."

"என் முதுகுக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்ல. அதை வீட்டுலயே பாத்துக்கறேன்."

குல்சினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மீரிமுக்குத் தெரியாத மலையாக இருந்தால் தடுத்திருக்கலாம். கோடை வந்தால் இந்த முகாமில்தான் சமைக்கிறாள். உயரம் அவள் உடம்புக்குப் பழகிவிட்டது. பூட்ஸில் இரும்புப் பல் மாட்டிப் பனியில் நடக்கக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். சொல்லக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. பயம் மட்டும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கம்.

மறுநாள் விடியும்போது மீரிம் ஒரு வட்ட ரொட்டியை எடுத்து, ஓரத்தில் ஒரு கடி கடித்து அவனிடம் நீட்டினாள். "பிடிங்க."

எப்போதும் அவன்தான் கடித்துவிட்டுக் கிளம்புவான். அவள் துணியில் சுற்றிச் சமையல் கூடாரத்துக் கம்பத்தில் கட்டுவாள். கடித்தவர் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும். அதுவரை ரொட்டி இடத்தைவிட்டு அசையக் கூடாது, அசைந்தால் போனவர் திரும்பி வரமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. இன்றைக்கு அவன் கட்டினான். முடிச்சு சரியாக விழவே இல்லை.

அன்றைக்கு முகாமின் சமையலும் அவன் தலையில்தான். வெங்காயம் நறுக்க உட்கார்ந்தான். வெளியே வந்து பார்த்தான். சரிவில் இரண்டு புள்ளிகள். மறுபடி வெங்காயம். மேலே ஒரு மேகம் வந்தது, அதுவும் துண்டு மேகம்தான். அவ்வளவுதான், கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தான். ஆளில்லாத கூடாரத்தில் நாய் நுழைந்து ரொட்டியைத் தின்றுவிட்டால்? அதையும் அவிழ்த்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான்.

பனிச்சரிவின் பாதியில் மீரிம் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"யோவ்! நீங்க எங்கய்யா இங்க?"

"சும்மா... பனி எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

"ரொட்டி எங்க?"

குபாத் தயங்கித் தயங்கிச் சட்டையைத் திறந்தான்.

"அட மனுஷா!" என்று குல்சினா கன்னத்தில் கை வைத்தாள். மீரிம் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"உங்க ரொட்டியை நான் ஒரு நாள் நகத்தியிருப்பேனா? போன வருஷம் காத்துல கூடாரமே பிச்சுக்கிட்டுப் போச்சு. அப்பக்கூட அந்தக் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இப்ப நான் எங்க திரும்பி வர்றது, சொல்லுங்க?"

கூடாரம் பறந்த கதையை அவனிடம் யாரும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. ரொட்டியை மறுபடி சட்டைக்குள் செருகினான்.

"கொண்டுபோய்க் கட்டிடறேன்" என்று திரும்பினான்.

"மெதுவா, மெதுவா!" என்று பின்னாலிருந்து மீரிமின் குரல் வந்தது. தன் ஆட்களிடம் அவன் நாளெல்லாம் சொல்கிற அதே வார்த்தை.

ரொட்டியைக் கட்டிவிட்டுக் கம்பத்தடியிலேயே உட்கார்ந்தான். சாப்பாடு கேட்டு வந்தவர்களிடம் பிஸ்கட் டப்பாவைக் காட்டினான். காற்று துணியை அசைத்தபோதெல்லாம் எட்டிக் கம்பத்தைப் பிடித்தான்.

வெயில் சாயும் நேரத்தில் பேச்சுக்குரல் கேட்டது. சிவந்த முகமும் உலர்ந்த உதடுமாக மீரிம் உள்ளே வந்தாள். அவன் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் இழுத்தான். அவள் ரொட்டியை வாங்கி ஒரு வாய் கடித்தாள்.

"மலை எப்படி இருந்துச்சு?"

"சொல்றேன், சொல்றேன். அடுப்பு ஏன் அணைஞ்சு கிடக்கு?"

"கை ஓடல மீரிம். நான் போறப்பல்லாம் உனக்கு இப்படித்தான் இருக்குமா?"

அவள் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து அவன் வாயில் வைத்தாள்.

"இப்படித்தான் இருக்கும். ஆனா நான் சூப்பும் வச்சேன்."