இடது காலுக்கு வேலை இல்லாத கார்

அன்புச்செல்வி தன் ஆபீஸில் இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிராக வைத்து, ஒன்றுக்கு மட்டும் சுவிட்சைப் போட்டாள். ஒயரே சொருகாத இன்னொன்று கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் அதுவும், பந்திக்கு மூன்று தடவை கூப்பிட்ட பிறகு எழுந்து வருகிற சம்பந்தி மாதிரி, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. மேசையில் இருந்த ரசீதுகள் பறந்து தரையெல்லாம் கிடந்தன. அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை.

அந்த நேரம் பார்த்து அவள் அண்ணன் கலையரசன் உள்ளே வந்தான்.

"என்ன அம்மிணி பண்ற?"

"கிளட்ச் இல்லாம கார் எப்படி ஓடுதுன்னு பாக்கறேன்ணா. இந்த ஃபேன் இஞ்சின்னு வெச்சுக்க. அது சக்கரம். நடுவுல காத்துக்குப் பதிலா எண்ணெய். இது சுத்துனா எண்ணெய் சுத்தும், எண்ணெய் சுத்துனா அது சுத்தும். காலுக்கு வேலையே இல்ல."

கலையரசன் குனிந்து ரசீதுகளைப் பொறுக்கினான். லாரி ஓட்டி இருபது வருடமாகிறது, கிளட்ச் இல்லாமல் வண்டியா என்று வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவளும் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்புச்செல்விக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போய்விட்டது. இரும்புக் காலிப்பர் மாட்டிக்கொண்டு நடப்பாள். திருச்செங்கோட்டில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பது அவள் தொழில். சம்பாத்தியத்துக்குக் குறைவில்லை, வாய்க்கும் குறைவில்லை. குறை என்றால் ஒன்றே ஒன்றுதான். பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் டவுனுக்குள் சுற்றலாமே தவிர, சங்ககிரிக்கோ பரமத்திவேலூருக்கோ போகவேண்டுமென்றால் அண்ணன் வரவேண்டும். அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு ஹைதராபாத் போயிருந்தால் இவள் வேலை அவன் திரும்பி வரும்வரை கிடக்கும். முப்பத்தேழு வயதில், ஒரு கல்யாணத்துக்குப் போவதற்கு இன்னொருத்தர் சட்டை மாட்டிவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு எரிச்சல் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆட்டோமேட்டிக் கார் ஓட்டிக் காட்டினால் லைசென்ஸ் கிடைக்கும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எல்.எல்.ஆர். கையில் இருந்தது, கார்தான் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் இருந்ததெல்லாம் மூன்று பெடல் வண்டி. புதுக்கார் விலையைக் கேட்டால் பல் கூசியது. அப்போதுதான் போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. தொண்ணூற்றேழாம் வருட ஜென், ஆட்டோமேட்டிக், கருநீலம், ஒரே கை ஓட்டியது, ராசிபுரம் பக்கம். உருண்டு திரண்டு, நவாப்பழம் மாதிரி இருந்தது. அவளுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அதைவிட, அந்த வயதான வண்டிக்குள் எப்போது எந்த கியர் வேண்டுமென்று எப்படித் தெரிகிறது என்கிற கேள்வி பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் தூக்கமில்லை, அதன் விளைவுதான் இந்த ஃபேன் கூத்து.

"ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வந்துரலாம்ணா" என்று போனை நீட்டினாள்.

கலையரசன் படத்தைப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆனது. "பழைய வண்டி. வேண்டாம் உடு" என்றான்.

"வேண்டாங்கறதப் பாத்துட்டுச் சொல்லலாம்."

"அதெல்லாம் நமக்கு ஆகாது அம்மிணி."

"எனக்கு ஆகுமா ஆகாதான்னு எனக்குத்தான் தெரியோணும். நீ வாரயா, நான் பஸ்ஸுல போகட்டுமா?"

படியேறமுடியாத தங்கச்சியை பஸ்ஸில் அனுப்ப அவனுக்கு மனது வராது. அது அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டாள்.

தை மாத வெயிலில் அவனுடைய பிக்கப் வண்டியில் போனார்கள். கார் இருந்த இடம் ராசிபுரத்தைத் தாண்டி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஒரு பழைய ஜவ்வரிசி மில். ஓனர் காளிதாஸ் போனில் வழி சொன்னதை அவள் மனதில் வைத்திருந்தாள். மெயின் ரோட்டில் இருந்து பிரிகிற இடத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கலையரசன் வண்டியைத் திருப்பினான். அடுத்து வேப்பமரத்துப் பிரிவு. அதிலும் திருப்பினான். யாரையும் கேட்கவில்லை, ஒரு போர்டும் இல்லை. இவன் ஏற்றுவதெல்லாம் ரிக் பைப், ஜவ்வரிசி லோடுக்கு ஒருநாளும் போனதில்லை.

"உனக்கு எப்படிண்ணா வழி தெரியும்?"

"ஒரு குத்துமதிப்புத்தான்" என்றான் அவன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

குத்துமதிப்பாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள், இலையாவது கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம்.

மில்லுக்கு முன்னால் ஜவ்வரிசி காயப்போடுகிற சிமெண்டுக் களம், பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு விரிந்து கிடந்தது. ஒரு கோடியில் மட்டும் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காய்ந்தது, நாலைந்து பெண்கள் தள்ளுக்கட்டையால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். காளிதாஸுக்கு எழுபது வயதிருக்கும். ஷெட்டில் இருந்து வெளியே வந்தவர், கலையரசனைப் பார்த்ததும் நின்றார். கை தன்னால் நெற்றிக்குப் போனது.

"வாங்க. இன்னைக்கும் நீங்கதான் ஓட்டப் போறீங்களா?"

அன்புச்செல்வி அண்ணனைப் பார்த்தாள். அவன் தூரத்தில் ஜவ்வரிசியைப் பார்த்தான்.

"இன்னைக்குமா? இதுக்கு முன்னாடி எப்பங்க வந்தாரு?"

"புரட்டாசியில வந்தாரே சாமி. தங்கச்சிக்குக் கால் இப்படி, அதுக்குத் தோதா இருக்குமான்னு பாக்கோணும்னாரு. எல்லாம் நல்லாத்தான் விசாரிச்சாரு. ஓட்டிப் பாக்கறேன்னாரு, நானும் பக்கத்துல ஏறி உக்காந்தேன். போயிட்டே இருக்கறப்ப நட்டநடுக் களத்துல ஒரு மிதி. என்ற தலை கண்ணாடில. மறுபடி ஒரு மிதி. அப்பறம் எறங்கி, 'இது ஆகாதுங்க'ன்னு போயிட்டாரு. ஏம்மா, உங்க கிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. புரட்டாசியில் இருந்து தை வரைக்கும் நாலு மாதம். இந்த நாலு மாதத்தில் எத்தனை தடவை அவன் எதிரிலேயே விளம்பரம் தேடியிருப்பாள், எத்தனை தடவை அவனிடமே புலம்பியிருப்பாள். அவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது.

"நாலு மாசமாத் தேடிட்டிருக்கேன். நீ பாத்துட்டு வந்து, நீயே வேண்டாம்னு முடிவு பண்ணி, நீயே மூடியும் வெச்சுட்ட. என்னைய ஒரு வார்த்தை கேட்டியாண்ணா?"

"கோவப்படாத செல்வி. இருவது வருசமா ஓட்டறேன், எனக்கே கைக்கு வரல. திடீர் திடீர்னு நிக்குது. ரோட்டுல நீ தனியாப் போறப்ப இப்படி நின்னு, பின்னாடி ஒரு லாரி வந்தா?" அவன் குரல் இறங்கியது. "எனக்குப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"நிக்குதா, நீ நிறுத்தறயா?"

"நான் எதுக்கு நிறுத்தறேன்? வண்டில கோளாறு இருக்குது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் கலையரசன் ஆடத் தெரியாதவனும் இல்லை, கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் ஒற்றைக் கையில் லாரி திருப்புகிறவன். அதுதான் அன்புச்செல்விக்குப் புரியவில்லை. கோபம் ஒரு பக்கம் கொதித்தாலும், இன்னொரு பக்கம் கேள்வி எட்டிப் பார்த்துவிட்டது. இப்படிப்பட்டவன் கையில் வண்டி ஏன் நிற்கிறது?

"இன்னொருக்கா ஓட்டு. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன்."

காளிதாஸ் முன்னால் ஏறி, முதல் வேலையாக பெல்ட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துக்கொண்டார். அன்புச்செல்வி பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு சீட்டுக்கும் இடையில் தலையை நீட்டினாள். கீழே இரண்டே பெடல்தான். இடது பக்கம் பிரேக், அகலமாக. வலது பக்கம் ஆக்சிலேட்டர்.

வண்டி புறப்பட்டது. வலது காலால் அழகாகத்தான் ஓட்டினான். களத்தின் கோடியில் திருப்பம் வந்தது. வேகத்தைக் குறைக்க வேண்டும். வலது கால் ஆக்சிலேட்டரை விட்டது, அதே நொடியில் இடது கால், யாரும் கூப்பிடாமலே எழுந்து, கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் ஓங்கி மிதித்தது. அங்கே கிளட்ச் இல்லை. அந்த அகலமான பிரேக்தான் இருந்தது. கார் தலையால் முட்டிக்கொண்டு நின்றது. ஜவ்வரிசி கிளறிய பெண்கள் சிரிப்பது கண்ணாடி வழியாகக் கேட்டது.

"பாத்தியா, நின்னுருச்சு" என்றான் கலையரசன்.

"பாத்தேன். வண்டி நிக்கலண்ணா. உன்ற இடது காலு நிறுத்துச்சு."

அவன் நம்பவில்லை. இரண்டாவது தடவை, குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். மூன்றாவது தடவை, இடது காலை மடித்து சீட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டான். ஒரு நாய் குறுக்கே வந்ததுதான் தாமதம், அந்தக் கால் சீட்டடியில் இருந்து பிய்த்துக்கொண்டு வந்து மிதித்தது.

"உங்க மேல தப்பில்லீங்க" என்றார் காளிதாஸ், பெல்ட் இறுக்கிய தோளைத் தடவிக்கொண்டே. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சொல்லுவாங்களே. இருவது வருசம் மிதிச்ச காலு, அது உங்களக் கேட்டுட்டு மிதிக்காது. என்ற சம்சாரம் கடைசி வரைக்கும் இந்த வண்டியத்தான் ஓட்டுனா. நான் ஒருநாளும் ஒழுங்கா ஓட்டுனதில்ல."

கலையரசன் இறங்கினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்புச்செல்வி பின்சீட்டில் இருந்து இறங்கி வந்து ஏறினாள். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, பெடலுக்கு அப்பால் ஓரமாக வைத்தாள். வைத்த இடத்தில் அது கிடந்தது. முப்பத்துநாலு வருடமாக, வைத்த இடத்தில் கிடக்கிறதே என்று அந்தக் காலை அவள் வையாத நாளில்லை. இன்றைக்கு முதல் தடவையாக, அப்படியே கிட சாமி என்று அதனிடம் கெஞ்சினாள்.

பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர் கம்பியை டிரைவ் என்கிற டி-க்கு இழுத்தாள். வண்டி ஒரு தடவை லேசாக உதறி அமைந்தது. பிரேக்கை விட்டாள். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை, கார் தானாக ஊர்ந்தது. எண்ணெய்தான் என்று அறிவு சொன்னது. ஆனால் வாழ்நாளில் எதையும், யாரையும், நாலு தடவை கேட்டுக் காத்திருந்துதான் கிளப்பியிருக்கிறாள். இது கேட்காமலே கிளம்பிவிட்டது.

மெதுவாக மிதித்தாள். ஓரிடத்தில் வண்டியின் சத்தம் இறங்கி, தோளை யாரோ லேசாகத் தட்டிய மாதிரி இருந்தது.

"இப்ப மாறுச்சா? ரெண்டாவது கியரா?"

"ஆமா அம்மிணி" என்றார் பக்கத்து சீட்டில் இருந்த காளிதாஸ்.

"அதுக்கு எப்படித் தெரியும், இப்ப மாத்தோணும்னு?"

"வேகம் கூடுனா உள்ள எண்ணெயோட அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் போய்த் தள்ளும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"யாராச்சும் பிரிச்சுப் பாத்திருக்காங்களா?"

"வாங்குன பொறவு நீங்க பிரிச்சுப் பாருங்க" என்று காளிதாஸ் அவசரமாகச் சொன்னார்.

களத்தை ஏழெட்டுச் சுற்று சுற்றினாள். நாய் மறுபடி குறுக்கே வந்தது. வலது கால் ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்குக்குப் போய், பதமாக அழுத்தியது. காளிதாஸின் தலை இருந்த இடத்திலேயே இருந்தது. வெளியே வெயிலில் நின்ற கலையரசன், அவள் ஒவ்வொரு திருப்பத்துக்கு வரும்போதும் உடம்பை இறுக்கிக்கொண்டான், அவள் கடந்து போனதும் தளர்ந்தான்.

விலையைப் பேசி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. கிளட்ச் இல்லாத வண்டியை அந்தப் பக்கம் யாரும் சீண்டவில்லை என்பதைக் காளிதாஸும் மறைக்கவில்லை.

"மெயின் ரோடு வரைக்கும் ஒருக்காப் போயிட்டு வாங்க" என்றார். "மில் ரோட்டுல வண்டி நடமாட்டம் இருக்காது. ஆனா எல்.எல்.ஆருக்கு லைசென்ஸ்காரரு பக்கத்துல உக்காரோணும். என்னைய உட்ருங்க."

அன்புச்செல்வி பையில் இருந்து சிவப்பு எல் ஸ்டிக்கரை எடுத்து முன்னும் பின்னும் ஒட்டினாள். கலையரசன் காரைச் சுற்றி வந்தான். பழக்கத்தில் டிரைவர் பக்கமே போய், அவளைப் பார்த்ததும் திரும்பி, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

கேட்டைத் தாண்டினார்கள். இரண்டு பக்கமும் மரவள்ளி, நடுவில் குறுகிய தார் ரோடு. எதிரே ஒரு டிராக்டர் வந்தது. அவள் ஓரம் கட்டினாள். கலையரசனின் இடது கால் தரை மிதியடியில் தொம்மென்று மிதித்தது. கை, அங்கே இல்லாத ஸ்டீயரிங்கைத் தேடி, கதவுக் கைப்பிடியைப் பிடித்தது. டிராக்டர் போய்விட்டது.

"செல்வி."

"ம்."

"கோவம் போச்சா?"

"போகல. இப்போதைக்குப் போகாது."

அவன் தலையாட்டினான். வாங்க வேண்டியதைத்தான் வாங்கினோம் என்கிற மாதிரி இருந்தது.  கையை ஜன்னலில் வைத்தான், டேஷ்போர்டில் வைத்தான், முழங்காலுக்கு நடுவில் சொருகினான். எங்கே வைத்தாலும் அது அவன் கை மாதிரி இல்லை.

"இந்த சீட்டுல உக்காந்துக்கிட்டு என்னதான் பண்றது?" என்று கேட்டான். கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. அவனோடு போன அத்தனை பயணமும் அந்த சீட்டில்தான் போயிருக்கிறாள். அதைப் பற்றி அவள் அளவுக்கு யாருக்குத் தெரியும்?

"ஒண்ணும் பண்ண வேண்டாம்ணா. கைய மடியில வெச்சுக்க. ஓட்டறவங்க எங்க கூட்டிட்டுப் போறாங்களோ, அங்க போ."

கலையரசன் கையை மடியில் வைத்துக்கொண்டான். மெயின் ரோடு வந்தது. அவள் திரும்பி மில்லுக்கு வரவில்லை, மெயின் ரோட்டிலேயே ஏறிப் போனாள். எங்கே போகிறாய் என்று அவன் கேட்கவில்லை.