வாரிஸ் இல்லை

பேனா எழுதவில்லை. நல்லம்மாள் பாரத்தின் ஓரத்தில் இரண்டு முறை கிறுக்கிப் பார்த்தாள். பிணவறை அலுவலகத்தில் இருந்தவர் வேறு பேனாவைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

"இங்க ஆண்ட்டி," என்று கூட வந்திருந்த சுபாஷினி விரல் வைத்துக் காட்டினாள். "வாரிஸ்னு போட்டிருக்குல்ல, அதுக்கு நேரா. உங்க பேரு, ஐசி நம்பரு, கீழ சைன்."

"நான் எப்படிம்மா போடறது? அவனுக்கு ஏது வாரிசு? கல்யாணமே கட்டலையே."

"அது இல்ல ஆண்ட்டி. மலாய்ல வாரிஸ்னா சொந்தக்காரங்க. அக்கா தங்கச்சி யாரா இருந்தாலும் வாரிஸ்தான். நம்ம வாரிசு வேற."

நல்லம்மாளுக்கு அறுபத்து மூன்று வயது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தட்டு கழுவுகிறாள். பாரம் நிரப்புவது முதலில் கணவன் வேலையாக இருந்தது. அவர் போன பிறகு மகள் பிரமிளாவின் வேலை. நல்லம்மாள் அவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள். அவளுக்குத் தெரிந்த மலாய் பாசாரில் காய் வாங்கவும் பஸ் ஏறவும் போதும்.

பெயரை எழுதினாள். எண்ணை எழுதினாள். கையெழுத்துக்கு வந்தபோது பேனா நின்றது.

"தீபாவளிக்கு முன்னால ஒரு பொண்ணு எனக்குப் போன் பண்ணுச்சு," என்றாள். "மலாய்ல. அது யாரு?"

சுபாஷினி திரும்பிப் பார்த்தாள். சுவரோர பெஞ்சில் ஐனா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே மையத்தில் வேலை செய்கிறார்கள். கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் படுத்துக் கிடப்பவர்களை அழைத்து வரும் மையம் அது. முதலில் குளிக்க இடமும் ஒரு படுக்கையும் கொடுப்பார்கள். பிறகு அங்கேயே சமையலறையில் வேலை. அதில் நிலைத்துவிட்டால் சாவியோடு ஓர் அறை. நல்லம்மாள் அரசு என்று கூப்பிடும் தம்பி திருநாவுக்கரசுக்குச் சாவி கிடைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நேற்றுக் காலை அவன் வேலைக்கு வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தது ஐனாதான். ஐசி அடையாள அட்டையில் இருந்த சுங்கை பாக்காப் பழைய வீட்டு விலாசத்துக்குப் போலீஸ் போய், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் நல்லம்மாளுக்குச் செய்தி வந்தது. ஒன்பது வருடமாக அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

"ஐனாதான் ஆண்ட்டி. அங்கிள்தான் உங்க நம்பரக் கொடுத்திருந்தாரு. ஏன்?"

நல்லம்மாள் பேனாவைப் பாரத்தின் மேல் வைத்தாள்.

அன்றைக்குத் தட்டுகளின் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் அரசுவின் முழுப் பெயரையும் ஐசி எண்ணையும் சொன்னது. வாரிஸ் இருக்கிறார்களா என்று கேட்டது. பிரமிளா பல தடவை சொல்லி வைத்திருந்தாள்: "தெரியாதவங்க பேரு ஐசியெல்லாம் சொல்லி, சொத்து, வாரிசுன்னு ஆரம்பிச்சா கட் பண்ணிரும்மா. எல்லாம் ஸ்கேம்." நல்லம்மாள் "தாக் அடா" என்றாள். இல்லை என்று. அது பொய்யும் இல்லை. அவனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அன்று மாலை பிரமிளா அந்த எண் மறுபடி வராதபடி போனில் தடுத்து வைத்தாள்.

"அவகிட்ட ஒண்ணு கேளும்மா. நான் இல்லைன்னு சொன்னத அரசுகிட்ட சொன்னாளான்னு கேளு."

"இப்ப எதுக்கு ஆண்ட்டி?"

"கேளு."

சுபாஷினி பெஞ்சுக்குப் போய்த் தணிந்த குரலில் கேட்டாள். ஐனா நிமிர்ந்து நல்லம்மாளைப் பார்த்துவிட்டுப் பேசினாள். நல்லம்மாளுக்குப் பாதி புரிந்தது. மீதிக்குக் காத்திருந்தாள்.

"சொன்னாங்களாம். அவங்கவங்க விஷயத்த அவங்ககிட்ட மறைக்கக்கூடாதுன்னு எங்க ரூல். அதுக்கப்புறமும் உங்களுக்கு மூணு நாலு தடவ போன் அடிச்சாங்களாம். போகலையாம்."

"அவன் என்ன சொன்னான்?"

"கிச்சன்ல இருந்தாராம். கேட்டுட்டு, சரிதான்னாராம். அப்புறம், கேரட்ட வட்டமா நறுக்கவா நீளமாவான்னு கேட்டாராம்."

ஐனா மேலும் ஏதோ சொன்னாள். சுபாஷினி அதை மொழிபெயர்க்கவில்லை.

"அதையும் சொல்லு."

"ரூம் எடுக்கறப்போ பாரத்துல வாரிஸ் கேட்டிருந்துச்சு. அங்கிள் ஐனாகிட்டயே, உங்க பேர போட்டுக்கவான்னு கேட்டாராம். போட்டுக்கிட்டாராம்."

அரசு லாரியில் கெலிண்டானாக, டிரைவருக்கு உதவியாளாக, தாய்லாந்து எல்லை வரைக்கும் போய் வந்தவன். மலாய்க்காரர்களோடு மலாய்க்காரனாகவே பேசுவான். அந்தச் சொல்லுக்கு அவனிடம் ஒரு பொருள்தான்: சொந்தம்.

"ஆண்ட்டி," என்றாள் சுபாஷினி. அவளுக்கு இப்போது விளங்கியிருந்தது. "ஐனாகிட்ட சொல்லட்டுமா, நீங்க எத நெனச்சு இல்லைன்னு சொன்னீங்கன்னு?"

"வேணாம். அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

அவள் கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே குளிராக இருந்தது. ஊழியர் பையின் ஜிப்பை நெஞ்சு வரை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். அரசுவின் தலை முழுக்க நரைத்திருந்தது. மீசையை மழித்திருந்தான். கன்னத்தில் சதை போட்டிருந்தது. மையத்துச் சாப்பாடு. நல்லம்மாள் அவன் நெற்றியில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள். குனிந்து காதருகே போனாள்.

"அவங்க மலாய்ல கேட்டாங்கடா," என்றாள்.

ஊழியர் காத்திருந்தார்.

"மலாய்ல கேட்டாங்கடா அரசு. நான் நம்ம வாரிசுன்னு..."

அவள் அப்படியே குனிந்து நின்றாள். முதுகு வலித்த பிறகு நிமிர்ந்தாள்.

"ஓகே கா, மாச்சிக்?" என்றார் ஊழியர்.

"ஓகே."

ஜிப்பை ஏற்றினார்.

பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்கு மையத்து வேனில் ஐந்து ஆண்கள் வந்திருந்தார்கள். துவைத்த சட்டை போட்டிருந்தார்கள். பிரமிளாவுக்குச் சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை. காரியம் செய்பவர் தட்டோடு வந்து சுற்றிப் பார்த்தார்.

"யாரும்மா முன்னால நிக்கிறது? ஆம்பளைங்க சொந்தத்துல இல்லையா?"

"நான்தான்."

"என்ன உறவு?"

"கூடப் பொறந்தவ."

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தட்டை அவளிடம் கொடுத்தார். கற்பூரத்தைச் சந்தனக் கட்டையின் மேல் வைத்து ஏற்றினாள். உலையின் இரும்புக் கதவு மேலே போய், பெட்டி உள்ளே சென்றதும் திரும்ப இறங்கியது. சாம்பல் எடுக்க மறுநாள் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள்.

திரும்பும்போது வேனில் சுபாஷினி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஆண்ட்டி, அரசு அங்கிளோட சாமான்... இன்னைக்கே எடுத்துக்க முடியுமா? லிஸ்ட்ல அடுத்த ஆள் இருக்காரு. ரூம் காலியா இருந்தா மையத்துக்கும் பிரச்சனை. சொல்லவே ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"போலாம்மா."

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் பதினோராவது மாடி. ஒரே அறை. கட்டில் மெத்தையின் பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல் இருந்தது. கதவை ஒட்டித் தரையில் பாய் விரித்திருந்தது. அவன் ஒரு நாளும் கட்டிலில் படுக்கவில்லை என்றாள் சுபாஷினி. "கேட்டா, அவ்ளோ உயரத்துல தூக்கம் வராதும்பாரு." மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு சோற்றுப் பானை, முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரே பைக்குள் அடங்கிவிட்டது. நல்லம்மாள் பாயைச் சுருட்டினாள். பிறகு குளியலறைக்குள் போய் வாளியைத் தேடினாள்.

"கிளீனிங்குக்கு நாங்க ஆள் அனுப்புவோம் ஆண்ட்டி."

"சாவு விழுந்த வீடும்மா. கழுவி விடாம எப்படி?"

சுபாஷினி சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு இறங்கினாள். நல்லம்மாள் சன்னலோரத்தில் இருந்து தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டாவது வாளியின்போது வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. வெள்ளைத் தொப்பி. தோளில் பை. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டவர், யோசித்து, திரும்ப எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்ராஹிம்," என்றார். "மையத்துல இந்த நம்பர்தான் சொன்னாங்க. சீக்கிரம் வந்துட்டேன் போல."

"கொஞ்சம் இருங்க. முடிச்சிர்றேன்."

"மெதுவா செய்ங்க அக்கா. எனக்கென்ன அவசரம்? ரெண்டு வருசமா வெளியதான இருக்கேன்."

துடைப்பம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடியும் தேய்த்தது. கடைசித் தண்ணீரையும் வாசல் தாண்டித் தள்ளிவிட்டு, காற்றாடியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"இப்ப போவாதீங்க. வழுக்கும்."

"காயட்டும்."

அவர் வாசலுக்கு வெளியே கதவின் ஒரு பக்கம் நின்றார். அவள் மறுபக்கம் நின்றாள். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் காய்ந்துவிட்டது. சன்னல் பக்கமும் காய்ந்தது. பாய் கிடந்த கதவோரத்தில் மட்டும் ஈரம் இருந்தது.