நாற்பத்தோராவது கேள்வி

கேள்வித்தாளின் நாற்பதாவது கேள்வி வரைக்கும் பொன்னாயி சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டே பதில் சொன்னாள். நான் வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். கல்வராயன் மலையில் இருக்கும் இந்த ஊருக்கு நான் வருவது இதுவே கடைசி. பதினான்கு ஆண்டு ஆய்வு இந்தச் சுற்றோடு முடிகிறது. இங்குள்ள பெண்கள் ஆறேழு பேராகச் சேர்ந்து, கூலியில்லாமல் முறைவைத்து ஒருவர் கொல்லையில் மற்றவர்கள் வேலை செய்வார்கள். அது அவர்கள் வாழ்வுக்கு என்ன தருகிறது என்று எழுதித்தான் நான் பேராசிரியர் ஆனேன்.

நாற்பத்தொன்று: கஷ்டம் என்றால் முதலில் யாரிடம் போவீர்கள்? மூன்று பெயர் சொல்லவும்.

முதல் சுற்றில், எங்கள் இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகாதபோது, பொன்னாயி மூன்றாவதாக என் பெயரைச் சொன்னாள். ஆய்வாளரின் பெயரைப் பதிலாக ஏற்கக் கூடாது என்பது விதி. 'பொருந்தாது' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அந்தத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதன் பிறகு எத்தனையோ மேடைகளில் என் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஆனாலும் இந்த முறை மாணவர்களை அனுப்பாமல் நானே வந்தது அந்த மூன்றாவது இடத்துக்காகத்தான்.

"பச்சையம்மா," என்றாள். கொஞ்சம் நகர்ந்து, "கவியா. அப்பால பாவாட."

எழுதினேன். மூன்றாவது பெயருக்குக் கீழே பேனாவை எடுக்காமல் வைத்திருந்தேன்.

"வேற யாராவது?" என்றேன். பதிலைத் தூண்டக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

"மூணு பேருதான டீச்சர் கேட்ட?"

"மொத தடவ என் பேரச் சொன்ன."

நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னனா? அப்ப நீ ரெண்டு மாசம் இங்கியே இருந்த. களை எடுக்க வந்துட்டு, சாமைய புடுங்கிப் போட்டுட்டு புல்ல வுட்டு வெச்ச." அந்த நினைப்பில் சிரித்தாள்.

"நாளைக்கு யார் கொல்ல?"

"பச்சையம்மாளுது."

"நானும் வரட்டுமா?"

"வாயேன். ஆனா மொறன்னா மொறதான். நீ வந்தா, நாங்க ஆறு பேரும் ஒன் வூட்டுக்கு வரணும். ஒன் வூட்ல இன்னா வேல கீது?"

யோசித்தேன். சென்னையில் நான்காவது மாடி. இரண்டு அறை. துணி துவைக்க இயந்திரம் இருக்கிறது. கழுவ வேண்டியது ஒரு தட்டும் ஒரு டம்ளரும். புத்தகங்கள் அடுக்கியபடியே இருக்கின்றன.

பொன்னாயி வேலையை நிறுத்தியிருந்தாள். களைக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள்.

கீழே வளைவில், நான் திரும்பிப் போக வேண்டிய பஸ் ஹாரன் அடித்தது.

"பஸ்ஸு வந்துட்ச்சி டீச்சர்."

"போகட்டும்," என்றேன்.

அவள் மறுபடி குனிந்தாள். ஆறு பேர் சேர்ந்து செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறதா என்று, அந்த இரண்டு அறைகளிலும் நான் தேடிக்கொண்டிருந்தேன்.