பின்சக்கரம்

"சக்கரத்தை மாட்டி காரை அப்படியே தள்ளிடலாம்" என்றார் மாமா.

"பிரேக் புடிக்குமான்னே தெரியாது மாமா. இந்தச் சரிவுல விட்டா நேரா எதிர்வீட்டு சமையல்கட்டுல போய்த்தான் நிக்கும். பத்து நிமிஷம் குடுங்க."

மகள் ஜாக்கியருகே குத்துக்காலிட்டாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு அவரை ஏற்றிப்போக வண்டி வரும். வாசலை அவர் கார் அடைத்துக்கொண்டு நின்றது.

பிரேக் ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். சக்கரத்தருகே அப்பா, சீட்டில் அம்மா. 'மிதி' என்றால் மிதிக்க வேண்டும். அவர் சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் சின்னத் திருகை, நிப்பிளை, திறப்பார். பழைய ஆயில் குழாய் வழியே பாட்டிலில் இறங்கும். மூடிவிட்டு 'விடு' என்பார். அதற்குமுன் காலை எடுத்தால் காற்று புகுந்துவிடும். முப்பது வருஷத்தில் ஒரே ஒருமுறை அம்மா அவசரப்பட்டாள். அதைச் சொல்லிச் சொல்லியே அவளை ஓட்டுவார்.

இன்று காலை 'விடு' வரவில்லை. அம்மா பத்து நிமிஷம் மிதித்தபடியே இருந்தாள், அவரைத் திட்டிக்கொண்டே.

"எறங்கிப் பாத்திருந்தா பொழைச்சிருப்பாரு" என்பதைத் தவிர அவள் வேறெதுவும் பேசவில்லை. மாரடைப்பு, உடனே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நம்பவுமில்லை.

மகள் ஸ்பேனரை மாட்டினாள். நிப்பிள் இறுக மூடியிருந்தது. மூடும் அளவுக்கு அவருக்கு நேரம் இருந்திருக்கிறது.

"என்னடி பாக்குற?" வாசற்படியில் அம்மா.

மகளின் கை நிப்பிளை அரைச்சுற்று திறந்துவிட்டது.

"தொறந்தே கெடக்கும்மா. மூட ரெண்டு செகண்டு ஆகுமா? அதுக்குக்கூட அவருக்கு நேரமில்ல."

அம்மா வந்து குனிந்தாள். நிப்பிளைத் தொட்டாள். விரலில் ஒட்டிய ஆயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ காத்து புகுந்திருக்கும்" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டில் ஏறினாள். "ம், சொல்லு."

"மிதிம்மா."

குழாயில் குமிழிகள் ஓடின. மிதிக்கவும் விடவுமாக நாலைந்து தடவை. குமிழிகள் நின்றன. மகள் நிப்பிளை மூடினாள்.

"நல்லா இறுக்கிட்டியா?" என்றாள் அம்மா. "அவரு ஒருநாளும் தொறந்து போட்டதில்ல."

மகள் நிமிர்ந்தாள். பின்கண்ணாடி வழியே அம்மாவின் தலை மட்டும் தெரிந்தது. அது திரும்பவில்லை.

ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் மகள் "விடும்மா" என்றாள். அதுவரை பெடலிலிருந்து அம்மாவின் கால் எழவில்லை.