வடிவான எஞ்சின்

ஹட்டனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முற்றம் ஒரே சரிவு. மேலே என் கார் நிற்கும். கீழே என் மனைவி சரோஜாதேவி கோலம் போடுவாள். என்னைவிட வயதில் மூத்த அந்தக் கார் இரவு முழுவதும் எண்ணெய் சொட்டும். காலையில் கோலத்துக்குரிய இடத்தில் கறுப்பாக ஒரு ஆறு ஓடியிருக்கும்.

"இஞ்சருங்கோ, இனி ஒரு சொட்டு ஒயில் இஞ்ச வந்துதெண்டா, பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு நானே ஏத்தி விடுவன்" என்றாள். சொன்னால் செய்வாள். என் மோட்டார் சைக்கிள் போனதும் அப்படித்தான்.

டிக்கோயாவில் கராஜ் வைத்திருக்கும் பழனியாண்டி, எஞ்சினின் எண்ணெய் நிற்கும் அடித்தொட்டிக்கு, கசிவை அடைக்கும் பெக்கிங்கை ஏற்கெனவே இரண்டு தடவை புதிதாகப் போட்டுப் பார்த்தவர். ஒழுக்கு நிற்கவில்லை. எண்ணெயும் புழுதியும் எஞ்சின் முழுக்க அப்பிக் கிடந்ததால் எங்கிருந்து வடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் தடவை காரை விட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், "அண்ணை, இந்த முறை எஞ்சினை வடிவாச் செய்யுங்கோ" என்று கத்திவிட்டு ஓடினேன்.

என் ஊரான யாழ்ப்பாணத்தில் 'வடிவாச் செய்வது' என்றால் கவனமாக, ஒழுங்காகச் செய்வது என்று பொருள்.

சனிக்கிழமை போய் பொனட்டைத் திறந்தேன். எஞ்சின் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரங்களில் மஞ்சள் கோடு. பக்கவாட்டில் சிவப்பாக ஒரு தாமரைப்பூ.

"என்ன அண்ணை இது?"

"நீங்கதானே சார் வடிவா செய்யச் சொன்னீங்க? மண்ணெண்ணெய ஊத்தித் தேச்சு, சூடு தாங்குற பெயின்டா வாங்கி அடிச்சிருக்கேன். தாமரை மட்டும் நம்ம சம்சாரம் மீனம்மா போட்டது."

"வடிவா எண்டா அழகா இல்லை. கவனமா!"

"அப்ப வடிவான பொண்ணுன்னு சொல்றீங்களே, அது கவனமான பொண்ணா சார்?"

நான் தமிழ் வாத்தியார். எனக்கே சொற்பொருள் பாடமா! கோபம்தான் வந்தது. "இந்தப் பூந்தோட்டத்தை ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கோ பாப்பம்!" என்றேன்.

எஞ்சின் உறுமியது. கொஞ்ச நேரத்தில் வெள்ளையின் மேல் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. உச்சியில் இருந்த மூடியின் ஓரத்தில் தொடங்கி, தாமரையின் நடுவால் ஓடி, அடித்தொட்டியின் விளிம்பில் வந்து சொட்டியது.

"அட, மேலேருந்து வந்துட்டு, இத்தன நாளா கீழ இருக்குறவன் மேல பழியப் போட்டுருக்கே சார்!" என்றார் பழனியாண்டி. அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே பெக்கிங் ஒரு மூலையில் மடிந்து கிடந்தது. மாற்றிப் போட்டு, துடைத்து, மறுபடி ஓடவிட்டோம். வெள்ளை வெள்ளையாகவே நின்றது.

மறுநாள் காலை சரோஜா காருக்கடியில் கையை விட்டுத் தடவினாள். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுத்தம். பிறகு பொனட்டைத் திறக்கச் சொல்லி, தாமரையை நெடுநேரம் பார்த்தாள்.

"சரி, கார் நிக்கட்டும். அந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சமைக்கிற குசினிக் கூரையும் ஒழுகுது, வடிவாச் செய்யச் சொல்லுங்கோ."

எந்த வடிவு என்று கேட்க வாயெடுத்தேன். காரைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று சாவியை எடுத்துக்கொண்டு டிக்கோயாவுக்குக் கிளம்பினேன்.