உலகம் அழிய இருந்த தை அமாவாசை

பழனியிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி அன்றைக்குக் காலிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு திண்டுக்கல் ஜங்ஷனுக்குள் நுழைந்தது. சனிக்கிழமை மத்தியானம். மற்ற நாளாக இருந்தால் மொட்டைத் தலைகளும் பஞ்சாமிர்த டப்பாக்களுமாகப் பெட்டி வாசலில் முட்டி மோதிக்கொண்டிருக்கும். டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நல்லுசாமி, பிளாட்பாரப் பக்கத்துக் கதவு வழியாக அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். அறுபத்திரண்டாம் வருஷம் அது. மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் ஒன்றுகூடுகின்றன, திங்கட்கிழமைக்குள் உலகம் அழிந்துவிடும் என்று நாடு பூராவும் பேச்சு. சாகிறதை வீட்டில் இருந்தே செத்துக்கொள்ளலாம் என்று சனங்கள் பயணத்தை நிறுத்திவிட்டார்கள்.

அவனுடைய சிரிப்பு பாதியில் நின்றது. கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தனியாக இறங்கிய பெண்பிள்ளை அவனுடைய அக்கா பேச்சியம்மாள். ஆயக்குடியில் வாக்கப்பட்டவள். ஒன்பது வருஷமாக அவனோடு பேசாதவள்.

நல்லுசாமியை ஸ்டேஷன் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். எதைச் சொன்னாலும் "அது எப்படித் தெரியும்?" என்று கேட்கிற ஆள். எதிரே இருந்த டீக்கடையில் சாயங்காலம் கூடுகிற சபையில் எல்லாக் கட்சிக்காரனும் அவனுக்கு எதிராளி, எல்லாக் கட்சிக்காரனும் சிநேகிதன். காங்கிரஸ்காரர் அணைக்கட்டைப் பற்றிப் பெருமை பேசினால், தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் போகிறது என்பான். உதயசூரியன்காரர் தமிழைச் சொல்லி உருகினால், ஆட்சிக்கு வந்தால் அரிசியை எங்கிருந்து கொண்டுவருவீர்கள் என்பான். பொதுவுடைமை பேசுகிறவரிடம், ரஷ்யாவில் இப்படி டீக்கடையில் உட்கார்ந்து சர்க்காரைத் திட்ட முடியுமா என்று விசாரிப்பான். விஞ்ஞானத்தையும் அவன் கும்பிட்டதில்லை. மனுஷன் வானத்துக்குப் போய்த் திரும்பி வந்த சேதியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கல்யாண வீட்டுப் பிள்ளை மாதிரி அலைந்தவன்தான். ஆனாலும், "உலகம் அழிஞ்சா சனியாலயும் செவ்வாயாலயும் அழியாது. ராக்கெட் விட்டவனுக வச்சிருக்கிற குண்டாலதான் அழியும்" என்பான்.

அந்த வாரம் ஊரெல்லாம் ஹோமம். நெய்யும் கற்பூரமும் விலை ஏறிக் கிடந்தன. தேர்தல் நெருங்கியும் வேட்பாளர்கள் வெளியே தலைகாட்டவில்லை. நேரம் சரியில்லையாம்.

"பாய், எனக்கு ஒரு சந்தேகம்" என்றான் நல்லுசாமி, தோல் தரகர் பீர் முகமதுவிடம். "திங்கக்கிழமையோட உலகம் முடியுதுன்னா நெய்க்காரன் எதுக்கு விலையை ஏத்துறான்? செவ்வாக்கிழமை அந்தக் காசை எங்க கொண்டுபோய்ச் செலவழிப்பான்?"

பீர் முகமது டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டு சிரித்தார். ஐந்து வேளை தொழுகிறவர். "மாப்ளே, உலகம் முடியிற கியாமத்து நாள் அல்லாவுக்குத்தான் தெரியும், பஞ்சாங்கக்காரனுக்குத் தெரியாது. இந்த ஒண்ணுல நான் உன் கட்சி" என்றார். பக்கத்தில் இருந்த கறுப்புச்சட்டைக்காரர் இருளப்பன் மட்டும் சிரிக்கவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை அப்போதுதான் மாமனார் ஊருக்குப் பத்திரமாக அனுப்பிவிட்டு வந்திருந்தார்.

யார் எதை நம்பினாலும் அது அவரவர் உரிமை, என்னை நம்பச் சொல்லாதவரைக்கும் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. இதுதான் நல்லுசாமியின் கொள்கை. அந்தக் கொள்கையை வைத்துக்கொண்டுதான் அப்பா சடையாண்டி செத்த அன்றைக்கு அவன் நின்றான். தோள் கொடுத்தான், கொள்ளி வைத்தான். மொட்டை போட மாட்டேன், காரியத்துக்கு உட்கார மாட்டேன் என்றான். "செத்தவருக்கு எதுக்கு என் முடி?" என்று ஊர் சனம் நடுவில் கேட்டான். கேள்வியில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறான். ஆனால் அன்றைக்குப் பேச்சியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, "இனி எனக்குத் தம்பி இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் வாழ்க்கையில் கேட்ட முதல் கேள்விகளெல்லாம் அவளிடம் கேட்டவை. அம்மா இல்லாத வீடு. சோற்றை உருட்டிக் கொடுத்துக்கொண்டே நிலாவில் ஒருத்தி நெல் குத்துகிறாள் என்பாள் அக்கா. "யாரு பாத்தா?" என்பான். "அரிசி எங்க விழுது? உமி எங்க விழுது?" என்பான். வேறு யாராக இருந்தாலும் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பார்கள். அவள் உண்டை உருட்டுவதை நிறுத்தி, மேலே பார்த்து, நெசமாகவே யோசிப்பாள். "தெரியலையேலே" என்பாள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்படாத ஆளை அவன் அதற்கப்புறம் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது அவள் டிக்கெட் ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"ஏலே நல்லு. இம்புட்டு எளைச்சுப் போயிட்டியே."

"வாக்கா" என்றான்.

"உன்னையப் பாக்காமப் போய்ச் சேந்துரக் கூடாதுன்னு வந்தேன். மச்சான் வேணாம்னாரு. எனக்கு மனசு கேக்கல. பெட்டியில நானும் ஒரு ஆட்டுக்காரனுந்தேன். அவனும் ஒட்டன்சத்திரத்துல எறங்கிட்டான்."

உலகம் அழியாது அக்கா என்று சொல்ல வாய் வந்தது. வழக்கமாகச் சொல்வதுதான்: ஒரே ரோட்டில் எட்டு வண்டி தூரம் தூரமாகப் போனால், இங்கிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றையொன்று முட்டுவது போலத் தெரியும். சுலபமான விளக்கம், டீக்கடையே தலையாட்டிய விளக்கம். சொன்னால் அவளுக்கும் விளங்கும். விளங்கிவிட்டால் எதற்காக இங்கே இருப்பாள்? நல்லுசாமி கூடையை வாங்கிக்கொண்டான்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் அவன் மனைவி சொர்ணலட்சுமி, "வாங்க மதினி" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். இரண்டு பேரும் முதல் தடவையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அய்யர் இல்லாமல் மாலை மாற்றி நடந்த அந்தக் கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. சாயங்காலம், சாப்பிட்ட கை காயும் முன்னே பேச்சியம்மாள் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"நாளைக்குத் தை அமாவாசை. அப்பாவுக்கு இதுவரைக்கும் எள்ளுந் தண்ணியும் எறைக்கல. நாளைக்கு ஒரு நாள்தேன் இருக்கு. எனக்காகச் செய்யிலே."

சொர்ணலட்சுமி அவன் முகத்தைப் பார்த்தாள். செய்தால் என்ன, கொஞ்சம் தண்ணீர்தானே என்று ஒரு மனசு சொன்னது. நம்பாமல் செய்தால் அது அப்பாவையும் ஏமாற்றுவது, இவளையும் ஏமாற்றுவது என்று இன்னொரு மனசு சொன்னது. அவள் ஒரு நாளும் அவனிடம் தெரியாததைத் தெரியும் என்று சொன்னதில்லை.

"எனக்கு அதுல நம்பிக்கை இல்லக்கா. இல்லாததை இருக்குன்னு உங்கிட்ட நடிக்க மாட்டேன்."

அவள் கண் நிறைந்தது. எழுந்துவிடுவாள் என்று பயந்தான். அவசரமாகச் சொன்னான்:

"நீ எறையேன்."

"நானா? பொம்பள எறைக்கலாமாலே?"

"கூடாதுன்னு யாரு சொன்னா?"

"ஊரு ஒலகமெல்லாம்..."

"அப்பாவுக்குக் கடேசி ரெண்டு வருசம் கஞ்சி ஊத்துனது யாரு? பீ மூத்திரம் எடுத்தது யாரு? அதெல்லாம் பொம்பள செய்யலாம், ஒரு கை தண்ணி மட்டும் விடக் கூடாதா?"

பேச்சியம்மாள் மேலே பார்த்தாள். ஓட்டு விட்டத்தில் அவள் பார்வை நின்றது. நெசமாகவே யோசித்தாள்.

"தெரியலையேலே" என்றாள்.

மறுநாள் காலையில் கோட்டைக்குளத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நல்லுசாமி பார்த்ததில்லை. வெற்றுடம்பும் ஈரவேட்டியுமாக ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அய்யர் ஒருத்தர் பத்துப் பேருக்கு ஒன்றாக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவைக் காட்டிக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "பொம்மனாட்டிக்கு நான் சொல்லி வைக்கிறதா? தம்பி நீங்க உட்காருங்கோ" என்றார். "பரவாயில்ல சாமி" என்று சொல்லிவிட்டு, கூட்டம் குறைந்த பக்கத்தில், மலை நிழல் தண்ணீரில் விழுந்து கிடந்த ஒரு படிக்கு அவளைக் கூட்டிப்போனான்.

அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று உள்ளங்கையில் எள்ளை வைத்துக்கொண்டாள். மந்திரம் தெரியாது. "நான் என்னத்தலே சொல்ல?" என்றாள்.

"அவரக் கூப்புடு."

"அப்பா" என்றாள். ஒரு கையில் எள், இன்னொரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செம்பை எடுக்க மூன்றாவது கை இல்லை. நல்லுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். செம்பில் தண்ணீர் மொண்டு அவள் உள்ளங்கையில் ஊற்றினான். எள் மிதந்து, விரலிடுக்கு வழியாக இறங்கிப் போனது. இன்னொரு தரம் ஊற்றினான். மேல்படியில் இருந்து யாரோ, "அங்க பாருய்யா, பொம்பள திதி குடுக்குது" என்றார்கள். பேச்சியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மறுபடியும் நீட்டினாள்.

திங்கட்கிழமை டீக்கடையில் இருளப்பன் பிடித்துக்கொண்டார். "குளத்துல செம்பும் கையுமா நின்னியாமே. கொள்கை என்னாச்சு?"

"கொள்கைப்படிதான் நின்னேன்" என்றான்.

இருளப்பனுக்கு அது விளங்கவில்லை. பீர் முகமது மட்டும் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ரெண்டு நாள்ல பிறை தெரியும் மாப்ளே, நோன்பு வருது. சமுசா குடுத்து ஆளனுப்புறேன், அக்காவையும் இருக்கச் சொல்லு" என்றார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. புகையிலைக் கிட்டங்கிக்குப் போகிற மாட்டுவண்டிகள் ரோட்டில் கடகடத்தன. பேச்சியம்மாள் கொல்லைப்புறம் வந்து நின்று முருங்கை மரத்தில் விழுந்த வெயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பல் விளக்கிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள்.

"சொல்லேலே."

"என்னத்தச் சொல்ல?"

"அதேன். அழியலன்னு."

"விடிஞ்சிருச்சுக்கா. காப்பி குடி."

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். கூடவே, "மச்சானுக்குச் சோத்துக்கு ஆளில்ல, மத்தியான வண்டிக்குப் போறேன்" என்றாள். நோன்புக்கு இருக்கச் சொல்லலாம் என்று நினைத்தான். வருந்திக் கூப்பிட அவனுக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் அடைத்து வைத்திருந்த சனமெல்லாம் அன்றைக்கே ஊர் கிளம்பிவிட்டது போலிருந்தது ஸ்டேஷன். ஜன்னலில் கைகள் முண்டின. பழனி வண்டி புறப்படப் போகிற நேரத்தில் நல்லுசாமி உடனிருந்த ஆளிடம் டிக்கெட் ஜன்னலை விட்டுவிட்டு ஓடினான். அக்கா கடைசிப் பெட்டிக்குள் கம்பியோரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லு, நெசமாச் சொல்லு. உனக்குக் கொஞ்சங்கூடப் பயமில்லையா?"

"இருந்துச்சு."

"பொய் சொல்லாத."

"விடிஞ்சதும் நீ போயிருவியேன்னு இருந்துச்சு."

கார்டு பச்சைக் கொடியை விரித்தார். புக்கிங் ஆபீஸ் பக்கமிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பெட்டிக்குள் பிள்ளையும் மூட்டையுமாக ஏறிய ஒருத்தி அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன இடத்தைப் பார்த்து நகர்ந்து வந்தாள். பேச்சியம்மாள் அந்த இடத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"இங்க எந்தம்பி வருவான்" என்றாள் அவளிடம். தம்பியைப் பார்க்கவில்லை. வண்டி நகர்ந்தது. கம்பிக்குள்ளே அந்தக் கை எடுக்கப்படாமலே இருந்தது.