விறகு பேசிய குளிர்காலம்

ஓவிலா இறந்து இருபதாம் நாள், அவன் மனைவி ஆர்மந்தீன் அடுப்பில் வைத்த விறகுக்கட்டை, "முட்டி வலி உயிரை வாங்குது" என்று அவன் குரலில் சொல்லிவிட்டு எரிந்தது. வடக்கே பனி மூடிக் கிடக்கும் அபித்திபி காட்டில் யாரும் இதற்கு அலட்டிக்கொள்ளவில்லை, காரணம் தெரிந்ததுதான். பதினொரு வருடமாக அவன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதெல்லாம் பொறி வைக்கப் போகும் காட்டுக் குடிசையில், சாம்பல் ஜே பறவைகளிடம். சாம்பல் உடம்பு, கறுத்த பிடரி, குட்டை அலகு. பயமென்பதே கிடையாது, கையிலேயே வந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிடுங்கும். அதையும் உடனே தின்றுவிடாது. எச்சிலில் உருட்டி மரப்பட்டைக்கு அடியில் ஒட்டி வைக்கும், ஆயிரம் இடத்தில் ஒளித்தாலும் மறக்காது. ரொட்டியோடு அவன் பேச்சையும் அப்படித்தான் ஒட்டி வைத்திருந்தன.

சாவு வீட்டுக்கு ஊரார் விறகு நிரப்புவது அங்கே வழக்கம். ஓவிலாவின் தம்பி தெலெஸ்ஃபோர் நல்ல மனசோடுதான் போனான். எதற்கு அலைய வேண்டும் என்று அண்ணனின் காட்டுக் குடிசையைச் சுற்றி நின்ற மரங்களையே வெட்டி அடுக்கிவிட்டான்.

ஆர்மந்தீனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. பதினொரு வருடத்துக்கு முன் உறைந்த ஏரியில் பனிக்கட்டி உடைந்து ஏழு வயது மகள் மூழ்கிய அன்று, அவளை அக்கரைக்கு அனுப்பியவள் இவள்தான். அதை அவன் மன்னித்தானா, இல்லையா? ஒவ்வொரு கட்டையாக வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நரித்தோலைப் பற்றிப் பேசினான், காற்றைத் திட்டினான், பறவைகளைக் கொஞ்சினான். பாவி மனுஷன், இவள் பெயரை மட்டும் எடுக்கவில்லை. மார்ச்சில் ஒரே ஒரு கட்டை மிஞ்சியது. அதை எரிக்கப் பயந்து இரண்டு நாள் குளிரில் நடுங்கினாள்.

"என்ன அண்ணி, கட்டையை மடியில வச்சுக்கிட்டு? அண்ணனைக்கூட நீங்க இப்படிப் புடிச்சு வச்சதில்லையே," என்றான் தெலெஸ்ஃபோர்.

"உன் வாயில கொள்ளிய வைக்க. அடுப்பைத் திற."

கட்டை பற்றியது. "ஐஸ் மெலிஞ்ச இடத்த முந்தின நாளே பாத்தேன். அடையாளத்துக்கு ஒரு கிளை நட்டிருக்கணும். நாளைக்கு நட்டுக்கலாம்னு வந்துட்டேன். ஆர்மந்தீன் மேல தப்பில்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவகிட்ட சொல்வேன்?"

தெலெஸ்ஃபோர் தொப்பியைக் கழற்றினான். அவள் கதவைத் திறந்தாள். பனியில் அடைகாக்கும் துணைக்கு இரை தேடி ஒரு ஜே வந்திருந்தது. ரொட்டியை நீட்டினாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து அழுதிருப்போமேய்யா," என்றாள்.

பறவை ரொட்டி, பேச்சு இரண்டையும் வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போயிற்று. எந்த மரத்தில் ஒட்டி வைத்தது என்று தெரியாததால் இன்றுவரை அந்தப் பக்கம் யாரும் கோடாரியோடு போவதில்லை.